இரவல் இயந்திரங்களும் அந்நியர் கைகளும்: ஓர் ஆர்கேட் கண்காட்சியின் நிகழ்வு ஆய்வு

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களைச் சேகரிக்கும் சிலர் ஒன்றுகூடி, தங்கள் வீடுகளிலும் கிடங்குகளிலும் இருந்த கேபினெட்டுகளை, அதாவது பெட்டியோடு கூடிய முழு இயந்திரங்களை, ஒரே அரங்கத்துக்குக் கொண்டுவந்து, ஒரு வார இறுதி முழுவதும் பொதுமக்கள் விளையாடும்படி வைத்த கண்காட்சியைப் பற்றியது இந்த ஆய்வு. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். முதல் ஆலோசனைக் கூட்டம் தொடங்கி, கடைசி இயந்திரம் அதன் உரிமையாளர் வீட்டை அடைந்தது வரை குறிப்பெடுத்து வந்தேன். இதே முயற்சியில் இறங்க நினைக்கும் பிற சேகரிப்பாளர்களுக்கு நாங்கள் எடுத்த முடிவுகளைக் காட்டிலும் அவற்றின் காரணங்களே அதிகம் பயன்படும் என்பதால், காரணங்களுக்கு இங்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம், போக்குவரத்து, அரங்க அமைப்பு, பழுதுபார்ப்பு என்று தனித்தனியாகத் தெரியும் வேலைகள் எல்லாம் ஒரே கேள்விக்கு விடை தேடுபவை: தன் இயந்திரத்தை முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் கையில் கொடுக்கத் துணியும் ஒருவருடைய நம்பிக்கையை எப்படிக் காப்பது? அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், அடுத்த ஆண்டு அரங்கம் கிடைக்கும், பார்வையாளர்கள் வருவார்கள், இயந்திரம் மட்டும் வராது.

அச்சத்தின் அடிப்படை

உரிமையாளர்களின் தயக்கத்தைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது தவறான பார்வை. அட்டாரியின் பாங் 1972-லும், டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978-லும், நாம்கோவின் பேக்-மேன் 1980-லும் வெளிவந்தன. கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கூட 1991-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இவை சில ஆண்டுகள் காசு ஈட்டிவிட்டு, புதிய விளையாட்டுக்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டிய வணிகக் கருவிகளாகவே வடிவமைக்கப்பட்டன. அரை நூற்றாண்டு ஓட வேண்டும் என்று அவற்றின் பொறியாளர்கள் யாரும் கணக்கிடவில்லை.

இன்று அவற்றில் எளிதில் கிடைக்கும் பாகங்களும் உண்டு, எங்குமே கிடைக்காத பாகங்களும் உண்டு. பட்டன், ஜாய்ஸ்டிக், மின்வழங்கி, கெபாசிட்டர் ஆகியவற்றைப் புதிதாக வாங்கலாம். ஆர்கேட் மானிட்டருக்கான பிக்சர் டியூப் புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. அதன் கழுத்துப் பகுதியில் ஒரு விரிசல் விழுந்து வெற்றிடம் போனால், அதே அளவுள்ள இன்னொரு பழைய டியூப்பைத் தேடுவதைத் தவிர வழியில்லை. நிறுவனங்கள் தமக்கென்றே வடிவமைத்த தனிப்பயன் சிப்புகளின் நிலையும் இதுதான். ஓர் இயந்திரத்தை உயிர்ப்பிக்க இன்னோர் இயந்திரம் தன் உறுப்பைத் தர வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் ஒருவர் தன் கேபினெட்டை இரவல் தருகிறார் என்றால், ஈடு செய்ய முடியாத ஒன்றைத் தருகிறார் என்றே குழு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரவல் ஒப்பந்தம்

ஒப்பந்தம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும், சட்டமொழி இல்லாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் முடிவு. இயந்திரம் வந்து இறங்கியவுடன் நான்கு பக்கமும், ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் உள்ள கன்ட்ரோல் பேனலும், மேலே ஒளிரும் பெயர்ப்பலகையான மார்க்கீயும், திரையில் தெரியும் படமும் உரிமையாளர் முன்னிலையிலேயே புகைப்படம் எடுக்கப்பட்டன. முன்பே இருந்த கீறல்களை உரிமையாளரே சுட்டிக்காட்டினார். பழுதானால் யார் திறக்கலாம் என்பதற்கு மூன்று தேர்வுகள் தந்தோம்: உரிமையாளர் மட்டும், உரிமையாளர் பெயர் குறிப்பிடும் ஒருவர், அல்லது பழுதுபார்க்கும் மேசையில் இருக்கும் எவரும். பின்கதவுச் சாவியும், காசு போடும் பகுதியின் கதவான காயின் டோரின் சாவியும் அந்தத் தேர்வின்படி உறையிலிடப்பட்டு, ஒரே ஒருவர் பொறுப்பில் இருந்தன.

குழுவில் நீண்ட விவாதத்துக்கு உள்ளான விதி ஒன்று உண்டு. உரிமையாளர் எந்த நேரத்திலும், யாரிடமும் காரணம் சொல்லாமல், தன் இயந்திரத்தை அணைத்துவிடலாம் என்பதே அது. நுழைவுக் கட்டணம் செலுத்தி வருபவர் அணைந்த திரைகளைப் பார்த்து ஏமாந்துபோவார் என்று சிலர் எதிர்த்தார்கள். நான் இந்த விதியை ஆதரித்தேன், நடந்ததைப் பார்த்த பிறகு இன்னும் உறுதியாக ஆதரிக்கிறேன். அணைக்கும் உரிமை தம் கையில் இருப்பதை அறிந்த உரிமையாளர்கள் அதை மிக அரிதாகவே பயன்படுத்தினார்கள். முதல் நாள் காலையில் தம் கேபினெட்டின் அருகிலேயே கைகட்டி நின்றுகொண்டிருந்தவர்கள், மாலைக்குள் மற்ற வரிசைகளில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

வாடகை எவருக்கும் தரப்படவில்லை. போக்குவரத்துச் செலவைக் குழு ஏற்றுக்கொண்டது, உரிமையாளரின் குடும்பத்துக்கு இலவச அனுமதி கிடைத்தது. வாடகை என்று ஒன்று வந்துவிட்டால், எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு தோன்றி, சேகரிப்பாளர்களுக்குள் இருக்கும் உறவே விற்பவர்-வாங்குபவர் உறவாகிவிடும் என்று கருதினோம். காப்பீட்டைப் பொறுத்தவரை ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: பழைய மின்னணுக் கருவி என்ற வகையில் பதிவு செய்தால், தேய்மானம் கழித்து அதன் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாகிவிடும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பை எழுத்தில் பதியும் காப்பீடே பொருளுள்ளது.

எவற்றைச் சேர்ப்பது

விளையாட்டை இயக்கும் உண்மையான பழைய மின்சுற்றுப் பலகை (போர்டு) உள்ள இயந்திரங்களை மட்டும் சேர்ப்பதா, அல்லது ஒரே போர்டில் பல விளையாட்டுகளை இயக்கும் பிற்காலக் கேபினெட்டுகளையும் ஏற்பதா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. பழைய இயந்திரத்தின் செயல்பாட்டைக் கணினியில் போலச்செய்யும் மேம் என்ற எமுலேட்டர் 1997-இல் வெளிவந்ததிலிருந்து, பழைய விளையாட்டுகளின் நிரல்கள் அழியாமல் காக்கப்பட்டதில் அதன் பங்கு மிகப் பெரியது. அதை இழிவாகப் பேச எவருக்கும் நியாயமில்லை. ஆனால் பழைய கேபினெட்டின் முன் நிற்கும் அனுபவம் நிரலில் மட்டும் அடங்கியிருக்கவில்லை. பிக்சர் டியூப் தனக்கு வரும் சிக்னலை வந்த கணமே கோடு கோடாக வரைகிறது. தட்டைத் திரைகள் பலவும் படத்தை ஒருமுறை உள்வாங்கிச் செயலாக்கிய பிறகே காட்டுவதால், வினாடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் ஒரு படம் தாமதித்தாலும் 16 மில்லி வினாடிக்கு மேல் போய்விடுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் அதைக் கையில் உணர்ந்துவிடுவார். பல-விளையாட்டுக் கேபினெட்டுகளையும் தட்டைத் திரை பொருத்தியவற்றையும் தனி வரிசையில் வைத்து, அவை என்னவென்று அட்டையில் தெளிவாக எழுதிவைப்பது என்று முடிவாயிற்று. பார்வையாளர் இரண்டையும் ஆடிப் பார்த்துத் தாமே வேறுபாட்டை உணர முடிந்ததால், இந்தப் பிரிவினை எங்கள் வாதத்தைத் தீர்த்ததைவிடப் பெரிய பயனைத் தந்தது.

கன்ட்ரோல்களைச் சரிபார்ப்பதில் நாங்கள் மிகவும் கண்டிப்பாக இருந்தோம். பேக்-மேன், டாங்கி காங் போன்றவை நான்கு திசைக்கு மட்டும் அசையும் ஜாய்ஸ்டிக்குக்காக எழுதப்பட்டவை. ஏதோ ஒரு காலத்தில் யாரோ எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கை மாற்றிப் பொருத்தியிருந்தால், கை சற்றே மூலைவாட்டில் சாய்ந்தாலும் பேக்-மேன் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. ஆடுபவர் தன் திறமையைக் குறைசொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுவார். விளையாட்டின் மீது இப்படி ஒரு பழி விழுவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

வெக்டர் இயந்திரங்களுக்கு, அதாவது 1979-இன் ஆஸ்டிராய்ட்ஸ், 1981-இன் டெம்பஸ்ட் போன்றவற்றுக்கு, தனி ஏற்பாடு தேவைப்பட்டது. மற்ற மானிட்டர்கள் தொலைக்காட்சியைப் போலத் திரை முழுவதையும் வரி வரியாக வருடும்போது, இவற்றில் எலக்ட்ரான் கற்றை நேரடியாகக் கோட்டை வரைகிறது. கற்றையை அசைக்கும் சுற்று செயலிழந்து கற்றை ஒரே புள்ளியில் நின்றுவிட்டால், திரையின் உட்பூச்சில் நிலையான வடு விழும். இதைத் தடுக்கவே இத்தகைய மானிட்டர்களில் ஸ்பாட் கில்லர் என்ற பாதுகாப்புச் சுற்று வைக்கப்பட்டது. இருந்தாலும் இவற்றின் மானிட்டர் போர்டுகள் அடிக்கடி பழுதாகும் என்பது சேகரிப்பாளர்கள் அனைவரும் அறிந்தது. இவற்றின் உரிமையாளர்கள் தாம் அருகில் இருக்கும் நேரங்களில் மட்டுமே இயக்குவோம் என்றார்கள். அந்த நேரங்களை முன்கூட்டியே அறிவித்துவிட்டதால், அது குறையாகத் தெரியாமல் ஒரு நிகழ்ச்சியாகவே மாறியது. குறித்த நேரத்தில் அந்த வரிசையின் முன் மக்கள் காத்திருந்தார்கள்.

அரங்கமும் மின்சாரமும்

அரங்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் பரப்பளவைக் கேட்பார்கள். நாங்கள் கதவின் அகலம், தரையின் மட்டம், மின்பலகையின் அமைப்பு, விளக்குகளின் கட்டுப்பாடு ஆகிய நான்கையும் அதற்கு முன்பே கேட்டோம்.

விளக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்கேட் இயந்திரங்கள் மங்கலான ஒளியில் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. ஸ்பேஸ் இன்வேடர்ஸின் நின்ற வகைக் கேபினெட்டில் மானிட்டர் ஆடுபவரை நேராகப் பார்ப்பதில்லை. அதன் படம் கண்ணாடியில் பிரதிபலித்து, பின்னால் வரையப்பட்ட நிலவுக் காட்சியின் மேல் மிதப்பது போலத் தெரியும். மேலே இருக்கும் விளக்குகள் முழுவதும் எரியும் அரங்கத்தில் அந்த மிதப்பு மறைந்துவிடும். வெக்டர் திரையின் கூர்மையும் அப்படித்தான். வரிசை வரிசையாக அணைக்கக்கூடிய விளக்குகள் உள்ள அரங்கத்தை, சற்றுச் சிறியதாக இருந்தும், அந்த ஒரே காரணத்துக்காக நாங்கள் தேர்ந்தெடுத்தோம். நடைபாதைகளில் தரையோரம் மட்டும் ஒளி இருந்தது. திரைகள் ஜன்னல்களை நோக்கி இல்லாதபடி வரிசைகள் அமைந்தன.

மின்சாரத்தில் மூன்று சிக்கல்களை எதிர்பார்த்தோம், மூன்றும் வந்தன. ஒரு சாதாரண நின்ற வகைக் கேபினெட் இயங்கும்போது சுமார் 100 முதல் 200 வாட் வரைதான் எடுக்கும் என்பதால், கூட்டிப் பார்த்தால் சுமை பெரிதாகத் தோன்றாது. ஆனால் கலர் மானிட்டர்களில் திரையைச் சுற்றியுள்ள, அதில் ஏறிய காந்தத்தன்மையை நீக்கும் டீகாஸ் சுருள், இயக்கிய கணத்தில் பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். மின்வழங்கிகளின் கெபாசிட்டர்களும் அதே கணத்தில் நிரம்பும். ஒரு வரிசை முழுவதையும் ஒரே ஸ்விட்ச்சில் இயக்கினால், இயங்கு சுமைக்குப் போதுமான எம்சிபி (மிகைச் சுமையில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அந்தத் தொடக்கச் சுமையில் விழுந்துவிடும். காலையில் ஒவ்வோர் இயந்திரமாக, சில வினாடி இடைவெளி விட்டு இயக்குவது என்ற நடைமுறை இதற்காகவே.

இரண்டாவது சிக்கல் கசிவு. பழைய மின்வழங்கிகளின் முகப்பில் இருக்கும் இரைச்சல் வடிகட்டிகள் ஒவ்வொன்றும் எர்த் கம்பி வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தை இயல்பாகவே கசியவிடும். ஓர் இயந்திரத்தில் அது பொருட்டல்ல. பல இயந்திரங்கள் மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரே ஆர்சிசிபியின் கீழ் வந்தால், ஒவ்வொன்றும் பழுதின்றி இருந்தாலும், கசிவுகளின் கூட்டுத்தொகை அதன் 30 மில்லி ஆம்பியர் வரம்பை நெருங்கிவிடும். அதற்குப் பிறகு எந்த ஒன்றை இயக்கினாலும் வரிசை முழுவதும் இருளும். அந்தப் பாதுகாப்பைத் தவிர்த்துவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கலாம் என்று அரங்கத்தின் தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது. உலோகக் கன்ட்ரோல் பேனல்களைப் பொதுமக்கள் நாள் முழுவதும் தொடப்போகும் இடத்தில் அதை ஏற்பதற்கில்லை. இயந்திரங்களைக் கூடுதல் சுற்றுகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம், அதோடு எர்த் தொடர்ச்சியை ஒவ்வோர் இயந்திரத்திலும் அளந்து, தேறாதவற்றைச் சரிசெய்யும் வரை செருகவிடவில்லை. பழைய கேபினெட்டுகள் பலவற்றின் எர்த் முனையை முந்தைய உரிமையாளர் எவரோ வெட்டியிருப்பதைச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

மூன்றாவது, மின்னழுத்தம். ஜப்பானியக் கேபினெட்டுகள் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்கக் கேபினெட்டுகள் 115 முதல் 120 வோல்ட்டுக்கும், உலகின் பிற பகுதிகளுக்காகச் செய்யப்பட்டவை 220 முதல் 240 வோல்ட்டுக்கும் அமைந்தவை. சேகரிப்பாளர்கள் பிளக்கை மாற்றிக்கொள்வதால், பிளக்கின் வடிவத்தை நம்பி எதையும் முடிவு செய்ய இயலாது. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் நிறப் பட்டை ஒட்டி, அதே நிறம் ஒட்டிய பலகையில் மட்டுமே செருக வேண்டும் என்றும், அதைக் குழுவில் குறிப்பிட்ட இருவர் மட்டுமே செய்ய வேண்டும் என்றும் விதித்தோம். உதவ ஓடிவந்த ஆர்வலர்கள் பலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றியது. ஒரே ஒரு தவறான செருகல் ஒரு போர்டின் ஆயுளை முடித்துவிடும் என்பதால், இதில் தளர்வு காட்டவில்லை.

கொண்டுவருதல்

நின்ற வகைக் கேபினெட் ஒன்று சுமார் 100 முதல் 150 கிலோ இருக்கும். எடை பெரும்பாலும் மேற்பகுதியில், மானிட்டர் இருக்கும் இடத்தில் கூடியிருப்பதால், பார்ப்பதற்குத் தோன்றுவதைவிட எளிதில் கவிழும். பலகை பெரும்பாலும் மரத்துகளை அழுத்திச் செய்யப்பட்டது. அதன் கீழ்மூலை ஒருமுறை தரையில் மோதினால் உதிர்ந்துவிடும், ஈரம் பட்டால் உப்பும். கால்களில் இருக்கும் மட்டத் திருகுகளை முழுவதும் உள்ளே திருகிவிட்டே நகர்த்த வேண்டும். வெளியே நீண்டிருக்கும் கால் கதவு நிலையில் மாட்டும்போதுதான் கீழ்ப்பலகை பிளக்கிறது. கட்டும் பட்டை, கேபினெட்டைப் போர்த்திய கம்பளத்தின் மேல், கேபினெட்டின் நடுவில் வர வேண்டும், கன்ட்ரோல் பேனலின் மேலோ மார்க்கீயின் மேலோ வரக்கூடாது. குளிர்ந்த வண்டியிலிருந்து வெப்பமான அரங்கத்துக்கு வந்த இயந்திரத்தின் உள்ளே நீர் பூத்திருக்கக்கூடும் என்பதால், வந்தவுடன் எதையும் இயக்கவில்லை.

வரும் வரிசையை நாங்கள் அரங்கத்தின் உட்பகுதியிலிருந்து வாசலை நோக்கி என்று வகுத்தோம். ஒவ்வோர் உரிமையாளருக்கும் தனி நேரம் தரப்பட்டது. இயந்திரம் தன் இடத்தில் நின்று, படம் எடுக்கப்பட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே அடுத்தது உள்ளே வந்தது. மெதுவான முறைதான், ஆனால் வாசலில் நெரிசல் இல்லாததால் எவரும் அவசரப்படவில்லை.

காசு இல்லாத இடத்தில் வரிசை

நுழைவுக் கட்டணத்துக்குப் பிறகு எல்லா இயந்திரங்களும் இலவசமாக இயங்கும் ஃப்ரீ ப்ளே முறையைப் பின்பற்றினோம். பல போர்டுகளில் விளையாட்டின் அமைப்புகளை மாற்றும் டிப் ஸ்விட்ச் என்ற சிறு ஸ்விட்ச் ஒன்றை நகர்த்தினாலே போதும். மிகப் பழைய சிலவற்றில் அந்த வசதி இல்லாததால், காயின் ஸ்விட்ச்சுக்கு இணையாக ஒரு பட்டனைக் கம்பியிட்டு வைத்தோம், மூலக் கம்பிகளில் கை வைக்காமல், பின்னர் கழற்றிவிடும் முறையில். ஃப்ரீ ப்ளேயில் வைத்தால் சில விளையாட்டுகள் ஆளில்லாத வேளையில் காட்டும் அழைப்புக் காட்சியை நிறுத்திவிடும். அத்தகையவற்றுக்கும் பட்டன் முறையையே தேர்ந்தெடுத்தோம். யாரும் ஆடாதபோதும் இயந்திரம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கண்காட்சியில் நான் கற்றவற்றில் முதன்மையானது இந்த இடத்தில்தான் உள்ளது. ஆர்கேடில் காசு என்பது வருமானம் என்று மட்டுமே நாம் நினைக்கிறோம். அது வரிசையையும் ஒழுங்குபடுத்தி வந்தது. ஆடுபவரின் திரைச் சட்டத்தில் ஒரு காசை வைத்துவிட்டால் அடுத்த ஆட்டம் அவருடையது என்பது பேசாமலே எல்லோருக்கும் புரிந்த வழக்கம். காசு செலவாகும் என்பதால் ஆட்டத்தை மதித்து ஆடினார்கள், தோற்றதும் விலகி நின்றார்கள். காசை எடுத்துவிட்டால் இவை மூன்றும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஒருவர் தோற்றவுடன் திரும்பவும் ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறார். பாதி ஆட்டத்தில் விட்டுவிட்டுப் போகிறார். தேர்ந்த ஆட்டக்காரர் ஆஸ்டிராய்ட்ஸில் ஒவ்வொரு 10,000 புள்ளிக்கும் ஓர் உயிர் பெற்று மணிக்கணக்கில் நிற்கிறார்.

இதற்கு அறிவிப்புப் பலகைகள் உதவாது என்று கருதி, ஒவ்வொரு கேபினெட்டின் ஓரத்திலும் ஒரு சிறு மரப்பலகையைத் தொங்கவிட்டோம். நுழைவில் ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட வில்லையைக் காத்திருப்பவர் அதில் வைத்தால், அடுத்த முறை அவருடையது. வில்லை இருக்கும்போது ஆடுபவர் ஓர் ஆட்டத்தோடு விலக வேண்டும், இல்லாதபோது விரும்பும் வரை ஆடலாம். பழைய வழக்கத்தைச் சிறு வயதில் கண்டவர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். அறியாத சிறுவர்களுக்கு அருகில் நின்றவர்களே விளக்கினார்கள். அதோடு, உரிமையாளர் ஒப்புதலுடன் சில விளையாட்டுகளின் டிப் ஸ்விட்ச்சில் கூடுதல் உயிர் தரும் புள்ளி எல்லையை உயர்த்தி, ஆட்டத்தின் நீளத்தைக் குறைத்தோம்.

பழுதுபார்க்கும் மேசை

பழுதுபார்க்கும் இடத்தைத் திரைக்குப் பின்னால் வைப்பதா, அரங்கத்தின் நடுவில் வைப்பதா என்பது இன்னொரு விவாதம். நடுவில் வைத்தோம். கயிறு கட்டி, சால்டரிங் கருவிகளும் மல்டிமீட்டரும் உதிரிகளும் பார்வைக்குத் தெரியும்படி அமைந்த அந்த மேசை, உரிமையாளர்களுக்கு எங்கள் கண்காட்சி தந்த மிக வலுவான உறுதிமொழி என்று சொல்வேன். தன் இயந்திரம் நின்றுபோனால் என்ன நடக்கும் என்பதை அவர் கற்பனை செய்ய வேண்டியதில்லை, பார்க்கலாம்.

பழுதுகள் பெரும்பாலும் முதல் நாளின் தொடக்க மணிகளில் வந்தன. பயணத்தின் அதிர்வே காரணம். சாக்கெட்டில் அமர்ந்திருக்கும் சிப்புகள் வெப்பத்தால் விரிந்து சுருங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மேலெழும்பியிருக்கும். அதன்மேல் ஒரு பயணக் குலுக்கல் சேர்ந்தால் தொடர்பு விடும். போர்டின் விளிம்பு இணைப்பியில் படிந்த கறுப்பும் இப்படித்தான் வெளிப்படும். 1985-இல் வந்த ஜாமா என்ற பொது இணைப்பு முறையைப் பின்பற்றும் போர்டுகளில் 56 முனைகள் உள்ள ஒரே இணைப்பி வழியாகவே மின்சாரம், படம், ஒலி, கன்ட்ரோல் எல்லாம் செல்வதால், அந்த ஓர் இணைப்பியைத் துடைத்துத் திரும்பச் செருகியதில் தீர்ந்த பழுதுகள் பல. மேசையின் நடைமுறை வரிசை மாறாதது: ஃபியூஸைப் பார், போர்டின் மேலேயே 5 வோல்ட்டை அள, இணைப்பிகளைச் சுத்தம் செய், சிப்புகளை அழுத்தி அமர்த்து. அந்தக் காலத்து லாஜிக் சிப்புகள் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இயங்குவதற்கானவை. மின்வழங்கியின் முனையில் 5 வோல்ட் சரியாக இருந்து, நீண்ட கம்பியும் கறுத்த முனையும் கடந்து போர்டை அடையும்போது 4.6 ஆகிவிட்டால், திரையில் குப்பை எழுத்துகள் தோன்றும் அல்லது இயந்திரம் திரும்பத் திரும்ப மீள்தொடங்கும். போர்டு போய்விட்டது என்று உரிமையாளர் கலங்கும் பல வேளைகளில் போர்டுக்கு ஒன்றுமே ஆகியிருப்பதில்லை.

மானிட்டர் பழுதுகளில் எல்லை வகுத்திருந்தோம். இயங்கும் பிக்சர் டியூப்பின் உயர் மின்னழுத்த முனையான ஆனோடில் சுமார் 20,000 வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் அந்த மின்னூட்டம் தங்கியிருக்கலாம். போதாக்குறைக்கு, ஆர்கேட் மானிட்டர்கள் பலவும் கேபினெட்டில் தனியாக இருந்து, மானிட்டரை நேரடி மின்சாரத்திலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரை நம்பியே அமைந்தவை; அதைத் தவிர்த்துவிட்டு நேரடியாக இணைத்தால் மானிட்டரின் உலோகச் சட்டமே மின்தொடர்பு பெறும். எனவே மானிட்டர் போர்டைத் தொட, டியூப்பின் மின்னூட்டத்தை இறக்கும் முறை அறிந்த இருவர் சேர்ந்து நிற்க வேண்டும், பார்வையாளர்கள் விலக்கப்பட வேண்டும். டியூப்புக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் ட்ரான்ஸ்ஃபார்மர் போனது போன்ற பெரிய வேலைகளை அரங்கத்தில் எடுக்கவில்லை. அத்தகைய இயந்திரத்தின் மேல் "ஓய்வில் உள்ளது" என்ற அட்டையும், என்ன பழுது, ஏன் இங்கே சரிசெய்யவில்லை என்ற இரண்டு வரி விளக்கமும் வைத்தோம். விளக்கம் இருந்த இடத்தில் எவரும் முறையிடவில்லை. நின்று படித்தார்கள்.

நிறச்சிதைவு மட்டும் வேறு வகை. மூலையில் பச்சையும் ஊதாவும் திட்டுத் திட்டாகத் தெரிந்த திரைகள் பல பழுதானவையே அல்ல. வீட்டில் ஒரு திசையில் நின்ற டியூப், அரங்கத்தில் வேறு திசையில் திரும்பியதால் பூமியின் காந்தப்புலம் அதன்மேல் வேறு கோணத்தில் விழுகிறது, பக்கத்துக் கேபினெட்டின் ஸ்பீக்கர் காந்தமும் சேர்ந்துகொள்கிறது. கையில் பிடிக்கும் டீகாஸ் சுருளை ஒருமுறை சுழற்றினால் தெளிந்துவிடும். மேசைக் குழுவினர் அதைச் செய்யும்போது திரையில் வண்ணங்கள் சுழன்று அடங்குவதைப் பார்க்கச் சிறுவர்கள் கூடினார்கள். திறந்த மேசையின் பயனை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு பழுதும் நேரம், அறிகுறி, காரணம், தீர்வு, கை வைத்தவர் என்று ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டது. இயந்திரம் திரும்பும்போது அந்தப் பக்கத்தின் நகல் உரிமையாளருக்குத் தரப்பட்டது.

போட்டி

போட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகப் புள்ளி என்ற எளிய விதி கண்காட்சிக்குப் பொருந்தாது, ஏனெனில் தேர்ந்த ஆட்டக்காரர் நாள் முழுவதும் இயந்திரத்தை வைத்துக்கொள்வார். பேக்-மேனின் 256-ஆம் கட்டத்தில் எண் நிரம்பி வழிந்து திரையின் வலப்பாதி சிதையும் வரையில் ஆடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். டாங்கி காங் 22-ஆம் நிலையில் நேரக் கணக்குப் பிழைத்து முடிந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனவே முதல் உயிர் போகும்வரை சேர்த்த புள்ளி, அல்லது ஐந்து நிமிடத்தில் சேர்த்த புள்ளி என்ற இரண்டு முறைகளை மட்டும் வைத்தோம். போட்டி இயந்திரத்தின் டிப் ஸ்விட்ச் அமைப்பை எழுதி ஒட்டினோம். உடன் வந்தவர்கள் சேர்ந்து பார்க்கும் அளவுக்கு ஆட்டங்கள் குறுகியிருந்ததால், தோற்றவர்களும் அங்கேயே நின்றார்கள்.

கலைத்தல்

கண்காட்சிகளில் சேதம் மிகுதியாக நேர்வது கலைக்கும் இரவில்தான் என்று அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் எங்களை முன்பே எச்சரித்திருந்தார்கள். எல்லோரும் களைத்திருப்பார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை வாசலுக்குக் கொண்டுவருவார்கள். எனவே அரங்கத்தை மறுநாள் நண்பகல் வரை எடுத்திருந்தோம். கூடுதல் வாடகை குறித்து எழுந்த எதிர்ப்பு நியாயமானதே, ஆயினும் அந்தச் செலவு நுழைவுக் கட்டணத்தின் கணக்கில் முதலிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. இரவில் இயந்திரங்கள் அணைக்கப்பட்டு, குளிர்ந்து, பூட்டிய அரங்கத்தில் காவலோடு நின்றன. மறுநாள் காலையில், அவை வந்த வரிசைக்கு நேரெதிராக, வாசலோரத்திலிருந்து வெளியேறின. உரிமையாளரும் குழுவில் ஒருவரும் முதல் நாள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள்.

சில புதிய குறைகள் பதிவாயின: உள்ளங்கையால் உருட்டி ஆடும் பந்தான ட்ராக்பாலைத் தாங்கும் உருளைகளில் தேய்ந்துபோன இரண்டு, உடைந்த ஒரு பட்டன், மானிட்டர் போர்டு செயலிழந்த ஒரு வெக்டர் இயந்திரம். முதலிரண்டையும் குழு உடனே மாற்றிக் கொடுத்தது. மூன்றாவதைப் பொறுத்தவரை, அதன் உரிமையாளர் பதிவேட்டின் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு, போர்டைக் கழற்றி மேசைக் குழுவிடமே கொடுத்துச் சென்றார்.

பின்னர் கூடிய கூட்டத்தில் அடுத்த கண்காட்சிக்கான மாற்றங்கள் முடிவாயின. ட்ராக்பால் இயந்திரங்களின் உருளைகளும் தாங்கிகளும் வருவதற்கு முன்பே மாற்றப்படும், செலவு குழுவுடையது. சக்கர நாற்காலியில் வருபவர்கள் கைக்கு எட்டும் மேசை வகைக் கேபினெட்டுகள் கூடுதலாகக் கேட்டுப் பெறப்படும். நின்ற வகையின் கன்ட்ரோல் பேனல் அவர்களுக்கு மிக உயரம் என்பதை வந்தவர்களே எங்களிடம் கூறினார்கள். வெக்டர் இயந்திரங்களுக்காக, சோதித்துத் தயாராக வைத்த ஓர் உதிரி மானிட்டர் போர்டைக் குழு தன் பொது நிதியில் வைத்திருக்கும். அதற்கான பழைய போர்டு ஒன்று கிடைத்துவிட்டது. அதன் கெபாசிட்டர்களையும் ட்ரான்சிஸ்டர்களையும் மாற்றும் வேலையை மேசைக் குழுவினர் தொடங்கியிருக்கிறார்கள்.